சில சிறு திருத்தங்கள்

ஆராய்ச்சிக் கூடத்தில் அவரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் அழைத்தார்கள். எதிர் மேசைக்காரர் வைத்த பெயர் அது. அந்த எதிர் மேசைக்காரருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: 'வக்கீல்'. டீ ஆறிவிட்டது என்று யாராவது சொன்னால், இல்லை, ஆறவில்லை என்று அரை மணி நேரம் வாதாடி, அதற்குள் அதை உண்மையிலேயே ஆறவைத்துவிடுவார்.

"நம்ம ஆளு இருக்காரே," என்பார் வக்கீல் புதிதாக வருகிறவர்களிடம், "மாடி ஏறும்போது முதல் படி அங்கேயே இருக்கான்னு திரும்பிப் பாத்துட்டுத்தான் ரெண்டாவது படியில காலை வைப்பாரு. அதான் நிதானம்."

நிதானத்துக்கு அதில் உள்ளூரப் பெருமை. அவசரப்பட்டுக் கெட்டவன் என்று தன்னை நோக்கி யாரும் விரல் நீட்டிவிட முடியாது என்ற பெருமை.

அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஒற்றைத் தண்டவாளம் மட்டுமே ஓடிய ஒரு சின்ன நிலையத்தில், வண்டி ஓட்டுபவர் கையில் ஓர் இரும்பு வளையத்தைக் கொடுப்பதும் வாங்குவதும்தான் உத்தியோகம். வளையம் கையில் இல்லாத வண்டி அந்தப் பாதையில் நுழையக் கூடாது. ஒரு பாதைக்கு ஒரே வளையம். ஆகவே எதிரெதிரே இரண்டு வண்டிகள் வர வழியே இல்லை. முப்பது வருடம் வளையம் கொடுத்து, ஒரு கீறல்கூட இல்லாமல் ஓய்வு பெற்றார் மனிதர். மகன் கணினி படித்துப் பெரிய வேலைக்கு வந்த பிறகும், "நானும் அப்பா பாத்த வேலையைத்தான் பாக்கறேன்" என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

அது பொய்யுமில்லை. ஒரு பெரிய அறையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரே ஒரு கரும்பலகை. சுற்றிலும் பதினாறு பேர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். எல்லோரும் அதே பலகையைத்தான் பார்க்க வேண்டும், அதிலேதான் எழுத வேண்டும். அந்தப் பதினாறு பேர்தான் செயலிகள். பலகைதான் பொது நினைவகம். நிரல் எழுதுகிறவர், 'இந்த வேலைகளை ஒரே சமயத்தில் செய்யலாம்' என்று சொன்னால் போதும். யாருக்கு எது, எப்போது, யார் யாருக்காகக் காத்திருப்பது என்பதையெல்லாம் கணினி மொழியே கவனித்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு மொழியை அந்த இயந்திரங்களில் ஓடவைப்பதுதான் நிதானத்தின் வேலை. ஐந்து வருட உழைப்பு. அந்த மொழியைப் பதினான்கு நிறுவனங்கள் வாங்கிப் பயன்படுத்தின.

அதில் ஒரு நுட்பமான இடம் இருந்தது. ஒவ்வொரு செயலியும் தன் வேலைச் சீட்டுகளைத் தன் முன்னே அடுக்கிவைத்திருக்கும். தன் அடுக்கு தீர்ந்துபோன செயலி, பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு சீட்டை உருவிக்கொள்ளும். ஒரே ஒரு சீட்டு மிச்சம் இருக்கும்போதுதான் சிக்கல். சொந்தக்காரனும் உருவ வந்தவனும் ஒரே நொடியில் கைநீட்டினால்? 'நான் எடுக்கிறேன்' என்று பலகையில் எழுதிவிட்டு, மற்றவன் எழுதியிருக்கிறானா என்று பார்த்த பிறகே தொட வேண்டும் என்பது விதி.

புதிதாக வந்த பதினாறு செயலி இயந்திரத்தில் ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு செயலியும் எழுதுவதை முதலில் தன் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் பலகைக்கு மாற்றும். ஆகவே, 'நோட்டில் இருப்பதைப் பலகைக்கு மாற்றிவிட்டு அப்புறம் பார்' என்று ஒரு வரி கட்டளை வேண்டியிருந்தது. அந்த ஒரு வரியை நிதானம்தான் எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரியை நிதானமேதான் எடுத்தார்.

வெளியிலிருந்து நிபுணர் குழு வருவதற்கு நான்கு நாள் இருந்தது. பதினாறு செயலியில் பன்னிரண்டு மடங்கு வேகம் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். வந்ததோ பத்தரை. துறைத் தலைவர் அம்மா தினமும் இரண்டு முறை அறை வாசலில் வந்து நின்று, எதுவும் கேட்காமல் போனார். கேட்டுத் தொலைத்திருக்கலாம்! நிதானம் அந்த வரியை எடுத்துப் பார்த்தார். வேகம் பன்னிரண்டைத் தொட்டது. பழைய நான்கு செயலி இயந்திரத்தில் மூன்று நாள் விடாமல் ஓட்டிப் பார்த்தார். ஒரு பிழை இல்லை. அதில்தான் சட்டைப்பை நோட்டே கிடையாதே, பிழை எப்படி வரும்? புதிய இயந்திரத்தில் அரை நாள் மட்டும் ஓட்டினார். அதிலும் வரவில்லை. 'தேவையில்லை' என்று ஒரு குறிப்பு எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வாழ்நாளில் அவர் முதல் படியைத் திரும்பிப் பார்க்காதது அந்த ஒரு தடவைதான்.

நிபுணர் குழு கைதட்டிவிட்டுப் போனது. அந்த வரி இல்லாத பதிப்பே பதினான்கு இடங்களுக்கும் போனது.

இனி குட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிதானத்தின் மனைவிக்கு உடன்பிறந்த ஒரே தங்கை. முப்பத்திரண்டு வயதாகியும் அக்காவுக்கு அவள் குட்டிதான். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, பதினோரு வயதில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தான் வீட்டுக்கு வந்தவள். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் 'தந்தை அல்லது பாதுகாவலர்' என்ற இடத்தில் வருடா வருடம் கையெழுத்துப் போட்டவர் நிதானம்தான். படித்து, தன் சொந்தத் திறமையில், அதே ஆராய்ச்சிக் கூடத்தில் வெள்ளக் கணிப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆற்றைச் சுற்றியுள்ள நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பெய்த மழையைக் கூட்டி, எந்தக் கரையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் எத்தனை உயரம் ஏறும் என்று சொல்லும் நிரல் அவளுடையது. அதை அத்தானின் மொழியில் எழுதியிருந்தாள்.

நிபுணர் குழு வந்துபோய்ச் சில மாதம் கழித்து, ஓர் ஆய்வுக் கூட்டத்தில் அந்த நிரலை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டினாள். இன்னொரு முறை என்றார்கள். ஓட்டினாள். அதே மழை, அதே ஆறு. முதல் முறையைவிட இரண்டாவது முறை தண்ணீர் நான்கு விரல் அதிகம் ஏறியிருந்தது.

"அம்மா," என்றார் வக்கீல், "வெள்ளம் ஏறற வேகத்தைவிட உங்க விடை மாறற வேகம் ஜாஸ்தியா இருக்கே!"

அறையே சிரித்தது. குட்டி சிரிக்கவில்லை. முகம் வெளுத்து, காகிதங்களைப் புரட்டிக்கொண்டு நின்றாள். தலைவர் அம்மா நிதானத்தைப் பார்த்தார்.

"மொழியில ஏதாவது கோளாறு இருக்குமா?"

"இருக்காதுங்க மேடம். நல்லா சோதிச்சிருக்கோம். புரோகிராம்ல ரெண்டு வேலை ஒரே இடத்துல எழுதுதான்னு பாக்கச் சொல்லுங்க."

அந்த நேரத்தில் அவர் அதை மனதார நம்பித்தான் சொன்னார். அதுவரைக்கும் அவர் மேல் பாவமில்லை. குட்டியிடமிருந்து திட்டம் கைமாறியது. அவளை ஆவணப் பிரிவுக்கு அனுப்பினார்கள். பழைய மழைப் பதிவேடுகளைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிற வேலை. "தற்காலிகம்தான்" என்றார்கள். தற்காலிகம் என்ற சொல்லுக்கு எந்த அலுவலகத்தில் முடிவு தேதி இருந்திருக்கிறது?

பதினோரு நாள் கழித்து, ஒரு மதிய உணவு இடைவேளையில், நிதானம் தனியாக உட்கார்ந்து வேறெதையோ சோதித்துக்கொண்டிருந்தார். பத்து லட்சம் சின்ன வேலைகளைக் கொடுத்து, முடிந்ததை எண்ணச் சொல்லியிருந்தார். திரையில் எண் வந்தது.

பத்து லட்சத்து ஒன்று.

கையில் இருந்த ரொட்டித் துண்டு அப்படியே நின்றது. ஒன்று அதிகம். ஏதோ ஒரு சீட்டை இரண்டு பேர் எடுத்திருக்கிறார்கள். ஒரு வேலை இரண்டு முறை நடந்திருக்கிறது. ஒரு கட்டத்து மழை இரண்டு முறை பெய்திருக்கிறது! நான்கு விரல் தண்ணீர்! கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் குட்டி காகிதங்களைப் புரட்டிக்கொண்டு நின்றாள்.

எழுந்து நேராகத் தலைவர் அம்மாவின் அறைக்குப் போயிருக்க வேண்டும். எழுந்தும்தான் விட்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'ஏன் அந்த வரியை எடுத்தாய்?' என்று கேட்பார்களே! 'பன்னிரண்டு மடங்குக்காக' என்று சொல்ல வேண்டுமே! நிதானமா அவசரப்பட்டார் என்று வக்கீல் வாயைப் பிளப்பாரே! அவர் மறுபடி உட்கார்ந்தார். எடுத்த வரியைத் திரும்பச் சேர்த்தார். அடுத்த மாதம் மொழியின் புதிய பதிப்பு பதினான்கு இடங்களுக்கும் போனபோது, மாற்றங்களின் பட்டியலில் கடைசியாக ஒரு வாசகம் இருந்தது: 'சில சிறு திருத்தங்கள்.'

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது மூன்று சொல்லில் முடிந்துவிட்டது.

"என்னய்யா, புதுசு பழசைவிட மெதுவா ஓடுது?" என்றார் வக்கீல்.

"புது மெஷினுக்கு ஏத்தாப்ல கொஞ்சம் மாத்தினேன்."

"நீ மாத்தினா சரியாத்தான் இருக்கும்," என்று, தன் வாழ்நாளில் முதன்முறையாக, வாதாடாமல் விட்டுவிட்டார் அந்த மனிதர். அந்த நம்பிக்கை நிதானத்தின் முதுகில் அறைந்தது போலிருந்தது.

முதல் நாள் வெட்கம் பிழை செய்ததற்கு. இரண்டாம் நாள் வெட்கம் முதல் நாள் சொல்லாததற்கு. அப்புறம் வந்த ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் மேல் ஏறி உட்கார்ந்தது.

குட்டியோ ஞாயிறு தவறாமல் வந்தாள். முன்பெல்லாம் வந்தால் அக்காவோடு அரட்டை, அத்தானோடு கேலி, சாப்பாடு, குட்டித் தூக்கம் என்று வீடு கலகலக்கும். இப்போது ஒரு தடித்த காகிதக் கட்டோடு வந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். புதிய இயந்திரத்தில் நேரம் அவளுக்கு இல்லை. காகிதத்தில்தான் தேட வேண்டும்.

"அத்தான், கொஞ்சம் பாருங்களேன். இந்தக் கூட்டல் வர்ற இடம். ரெண்டு பேர் ஒரே இடத்துல எழுத வாய்ப்பே இல்லைன்னு தோணுது. ஆனா தப்பு எங்கயோ இருக்குல்ல? இருந்தாத்தானே விடை மாறும்?"

நிதானம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார். வரி வரியாகப் படிப்பது போலக் கண்ணை ஓட்டுவார். இல்லாத ஒரு தப்பைத் தேடுகிறவன் போல நடிப்பதற்கு எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்! "பாக்கறேம்மா, வெச்சிட்டுப் போ" என்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சொன்னவர்கள், அது மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அத்தான் என்று கூப்பிடும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

வாரா வாரம் அவள் இளைத்தாள். ஒருநாள் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது: "இப்பல்லாம் கேஸை அணைச்சேனான்னு பாதி வழியில திரும்பி வந்து பாக்கறேன்க்கா. பூட்டினேனான்னு பாக்கறேன். எனக்கு என் மேலயே நம்பிக்கை போயிடுச்சு."

நிதானம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

அங்கே நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. கோழைக்கு வருகிற யோசனை எப்போதும் கருணை மாதிரித்தான் தோன்றும். அடுத்த ஞாயிறு அவள் காகிதத்தில் முப்பத்தேழாவது வரியில் விரலை வைத்தார்.

"இந்த வரிதான்னு நெனைக்கிறேன். இதைக் கொஞ்சம் பிரிச்சு எழுதிப் பாரு. புது மெஷின்ல உனக்கு ரெண்டு மணி நேரம் நான் கேட்டு வாங்கித் தரேன்."

அந்த வரியில் ஒரு குற்றமும் இல்லை. மொழிதான் திருந்திவிட்டதே! எதை மாற்றினாலும், மாற்றாவிட்டாலும், விடை இனிச் சரியாகத்தான் வரும். அவளும் சந்தோஷப்படுவாள், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று கணக்குப் போட்டார்.

கணக்கு பலித்தது. ஐம்பது முறை ஓட்டினாள், ஐம்பது முறையும் ஒரே விடை. அந்த ஞாயிறு வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்க அத்தான்! மூணு மாசமா என் கண்ணுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுதே! நீங்க இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்?"

"விடும்மா, விடு" என்றார். கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தாள். மறுநாள் கூட்டத்தில் தலைவர் அம்மாவிடம் கொடுக்கப்போகும் கடிதம். 'என் நிரலில் நான் செய்த பிழையால் திட்டத்துக்கு ஏற்பட்ட தாமதத்துக்கு நானே முழுப் பொறுப்பு. பிழையைக் கண்டுபிடித்து உதவியவர்...' என்று அவருடைய பெயரைப் பதவியோடு எழுதியிருந்தாள்.

"இதை எதுக்கும்மா குடுக்கணும்?" குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"குடுத்தாத்தான் ஃபைலை மூடுவாங்களாம். மூடினா ஆவணப் பிரிவிலேயே நிரந்தரம் ஆக்கிடுவாங்க. கணிப்புப் பிரிவுக்கு இனிமே போக முடியாது, அதனால என்ன? தப்பு பண்ணினவ ஒத்துக்கணும்ல. நீங்க சொல்லிக் குடுத்து வளந்தவதானே நான்!"

அவள் சிரித்தபடி உள்ளே போனாள். நிதானம் செருப்பு வைக்கும் பலகையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் அவள் கிளம்பிப் போனதும், மனைவி அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். மருத்துவமனை மருந்தகத்தில் இருபது வருடமாக மருந்து எடுத்துக் கொடுப்பவள். சீட்டில் எழுதியிருப்பதைவிட, சீட்டை நீட்டுகிற முகத்தைப் படிக்கத் தெரிந்தவள்.

"என்னங்க, அவ அழுதது சந்தோஷத்துல. நீங்க ஏன் எழவு விழுந்தாப்ல உக்காந்திருக்கீங்க?"

சொன்னார். வளைந்து, நெளிந்து, செயலி, நோட்டு, பலகை என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரே வாக்கியத்துக்கு வந்தார்: "அவ மேல தப்பே இல்ல. தப்பு என்னோடது."

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"ஒரு... மூணரை மாசம்."

"மாசமா?" மனைவியின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். "அவ மாசத்துக்கு ஒரு தடவை வரலைங்க. பதினஞ்சு ஞாயித்துக்கிழமை வந்தா. பதினஞ்சு தடவை கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தப் பேப்பரைப் பாத்தீங்க. நான் டம்ளர் டம்ளரா காபி கொண்டுவந்து வெச்சேன். ரெண்டு பேரும் கஷ்டப்படறாங்களேன்னு."

"நான்..."

"வேண்டாம். மருந்து மாத்திக் குடுத்துட்டா நாங்க ஓடிப்போய்ச் சொல்லுவோம். திட்டு விழும், வேலைகூட போகும். ஆனா சாப்பிட்டவங்க உடம்புக்குள்ள அது ஓடிக்கிட்டிருக்கும்போது வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டோம்." எழுந்தாள். "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அது குடும்பச் சண்டையாப் போயிடும். முதல்ல அவகிட்ட சொல்லுங்க. அப்புறம் ஊருக்கு."

மறுநாள் காலை ஆராய்ச்சிக் கூடத்தின் லிஃப்டுக்குள் நிதானமும் குட்டியும் மட்டும் இருந்தார்கள். நான்கு மாடி. முழுசாக நாற்பது வினாடி. கையில் கடிதத்தோடு அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். இப்போது! இதோ இப்போது! அவர் வாயைத் திறந்தார்.

"மழை வரும்போல இருக்கு," என்றார்.

லிஃப்டின் கதவு திறந்துகொண்டது.

கூட்ட அறையில் தலைவர் அம்மா, வக்கீல், இன்னும் நான்கைந்து பேர். குட்டி எழுந்து நின்று கடிதத்தை நீட்டினாள். தலைவர் அம்மா அதை வாங்கக் கையை நீட்டினார். அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

"வாங்காதீங்க மேடம்!"

கத்தியது தான்தான் என்று நிதானத்துக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. "அது பொய். அவங்க புரோகிராம்ல தப்பு இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. மொழியில இருந்தது. நான்தான் ஒரு வரியை எடுத்தேன். பன்னெண்டு மடங்கு காட்டறதுக்காக எடுத்தேன்."

 முதலில் வாயைத் திறந்தவர் வக்கீல்தான். "சும்மா சொல்லாதய்யா. கொழுந்தியாளுக்காகப் பழியை நீ ஏத்துக்கறியா? நிரூபி பாப்போம்."

நிதானம் பழைய பதிப்பை எடுத்தார். பத்து லட்சம் வேலைகளைக் கொடுத்தார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பத்து லட்சம். சரியான விடை! மறுபடி ஓட்டினார். பத்து லட்சம். மூன்றாவது முறை, நான்காவது முறை. அந்தப் பாழாய்ப்போன இயந்திரம், உத்தமன் என்று அவருக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டே இருந்தது. வியர்வை விசைப்பலகையில் சொட்டியது.

"பாத்தீங்களா?" என்றார் வக்கீல். "குற்றவாளி ஒத்துக்கறான், சாட்சி வரமாட்டேங்குது!"

ஐந்து. ஆறு. விட்டுவிடலாம் என்று அவருக்குள் ஒரு குரல் சொன்னது. நம்பாவிட்டால் போகட்டும், நான் சொல்லிவிட்டேன் அல்லவா என்றது. அந்தக் குரலை அவருக்கு மூன்றரை மாதமாக நன்றாகத் தெரியும். ஏழாவது முறை விசையை அழுத்தினார்.

பத்து லட்சத்து ஒன்று.

வக்கீல் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

தலைவர் அம்மா பெருமூச்சு விட்டார். "சரி. பிழை யாருக்கும் வரும். இந்த மாதிரிப் பிழையைக் கண்டுபிடிக்கறதே பெரிய விஷயம். திருத்திட்டீங்கல்ல?" அவர் அதை அத்தனை லேசாகச் சொன்னார். நிதானத்துக்கு ஒரு நொடி மூச்சு வந்தது.

"எப்ப தெரிஞ்சுது?"

கேட்டது குட்டி. அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

தேதியைச் சொன்னார். பொய் சொல்ல இனி அவரிடம் தெம்பில்லை. அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று புரிந்தது. அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது புரிந்தது. தலைவர் அம்மாகூடத் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப அந்த முப்பத்தேழாவது வரி?"

"அதுல... ஒண்ணுமில்ல."

"எனக்குத் தெரியும்," என்றாள். "அதுல ஒண்ணுமில்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நாலு தடவை போட்டுப் பாத்தேன். ஆனா நீங்க சொன்னீங்களேன்னு, எனக்குத்தான் புரியலன்னு நெனச்சுக்கிட்டேன்." குரல் உடைந்தது. "லிஃப்ட்ல ரெண்டு பேர்தானே இருந்தோம்? அங்கயாவது சொல்லியிருக்கக் கூடாதா? இத்தனை பேர் முன்னாடிதான் எனக்கும் தெரியணுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பத்தோரு வயதில், தான் வளர்த்த பெண்ணின் முன்னால், கீழே விழுந்து கிடந்த தன் நாற்காலியைக்கூட நிமிர்த்தத் தோன்றாமல் நின்றார்.

குட்டி கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதைத் திருப்பி, பின்பக்கத்தை மேசையில் வைத்து, ஒரு பேனாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"'சில சிறு திருத்தங்கள்'னு போட்டீங்கல்ல? அது என்ன திருத்தம்னு எழுதுங்க. யார் எடுத்தாங்க, எப்ப தெரிஞ்சுது, எல்லாம். பதினாலு இடத்துக்கும் அனுப்புங்க. பதில் வந்தா எனக்கும் ஒரு நகல் வரணும்."

எழுதினார். பத்து வரியில், தேதிகளோடு எழுதினார். அன்றே அனுப்பினார்.

குட்டிக்குத் திட்டம் திரும்பக் கிடைத்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வருவது நின்றது. அக்காவை மருத்துவமனை வாசலில் சந்தித்துப் பேசிவிட்டுப் போவதாகத் தெரிந்தது. அக்காவும் அதைப் பற்றி வீட்டில் எதுவும் சொல்வதில்லை. சமைத்தாள், பரிமாறினாள், "உப்பு போதுமா?" என்று கேட்டாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அலுவலகத்தில் வக்கீல் அவரை 'நிதானம்' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். கேலி செய்தாலாவது தேவலை என்றிருந்தது.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. 'நன்றி, கவனித்துக்கொண்டோம்.' 'எங்களுக்குப் பாதிப்பில்லை.' 'விவரமாக எழுதியதற்குப் பாராட்டுகள்.' பாராட்டு! அதைப் படித்தபோது யாரோ கன்னத்தில் அடித்தது போல முகம் சுட்டது. மூன்றாவது வாரம் பதின்மூன்றாவது பதில் வந்தது. தொலைவில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து.

'சென்ற வருடம் இங்கே ஒருவர், தன் ஆய்வில் விடை மாறி மாறி வருவதாகச் சொன்னார். மொழியில்தான் கோளாறு என்றும் சொன்னார். நாங்கள் உங்களுக்கு எழுதிக் கேட்டோம். மொழி சரியாக இருக்கிறது என்று நீங்கள் பதில் எழுதியிருந்தீர்கள். அதை வைத்து அவருடைய ஆய்வை நிராகரித்தோம். அவர் இப்போது இங்கே இல்லை.'

சென்ற வருடம்! நிபுணர் குழு வந்துபோன மறு மாதம். அந்தக் கேள்வி வந்ததும், தேநீரைக் குடித்தபடியே இரண்டு வரியில் பதில் எழுதியதும், அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. குட்டியின் விஷயம் ஒன்றுதான் தன் குற்றம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லி முடித்தாயிற்று என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்.

காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. குட்டி. கையில் அதே பதிலின் நகல். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவள் அவருடைய அறைக்குள் வருவது இதுதான் முதல் தடவை. உட்காரவில்லை. மேசையிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றாள்.

"இந்த ஆளுக்கு யாரும் சொல்லலைல்ல?" என்றாள்.

"இல்ல."

"இன்னும் தன் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாரு. எங்கயோ." அவள் கண் கலங்கியது அவருக்காக அல்ல என்பது அவருக்குத் தெரிந்தது. "பேரும் விலாசமும் கேட்டு எழுதுங்க. தெரியாதுன்னு சொன்னா, யாருக்குத் தெரியும்னு கேளுங்க. கெடைச்சா நேர்ல போய்ச் சொல்லணும். லெட்டர்ல வேண்டாம்."

"நான் போறேன்."

"எனக்குத் தெரியும் நீங்கதான் போகணும்னு," என்றாள். கதவு வரை போனவள், திரும்பாமலே நின்றாள். "நானும் வரேன். நீங்க வழியில மழை வரும்போல இருக்குன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துடக் கூடாது பாருங்க."

அவள் போய்விட்டாள். அந்தக் கிண்டலில் மன்னிப்பு இருந்ததா என்று தேடிப் பார்க்கும் உரிமைகூடத் தனக்கில்லை என்று தோன்றியது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு வெள்ளைத் தாளை இழுத்து வைத்து, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுத ஆரம்பித்தார்: 'அவருடைய பெயர் என்ன?'